குல்பிப் பானையில் ஒரு சீசா ரத்தம்

வெயிலுமுத்துவின் ரத்தம் உடைகிறதாம் என்ற செய்தி வியாழக்கிழமை காலை தாராவித் தோல் பட்டறையை எட்டியது. மத்தியானம் சோற்றுப் பாத்திரங்களைத் திறப்பதற்குள், அவன் உடம்பில் ஓடுவது ரத்தமே இல்லை, சாயத் தண்ணீர் என்பது வரைக்கும் அது வளர்ந்துவிட்டது.

“ஏலே வெயிலு, பாத்து உக்காருடே. டொப்புனு ஒடைஞ்சிரப் போகுது” என்றார் பூலோகம். சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டுகிறவர். கேலிக்கு ஆள் கிடைத்துவிட்டால் அவருக்குத் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் வேண்டாம்.

“சோடா பாட்டில் ரத்தம்லா அது, அண்ணாச்சி. கோலிய அமுக்குனாத்தான் பொங்கும்” என்றான் சுயம்பு.

“பொண்ணு குடுக்கப் போறவன் பாடு திண்டாட்டம். மாப்பிள்ளைய வைக்கோல் சுத்தித்தான் அனுப்பணும்” என்றார் பூலோகம் மறுபடி.

வெயிலுமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. செம்பூருக்கு அப்பால் புதிதாக எழும்பியிருந்த ரசாயனத் தொழிற்சாலையில் அவனை ஹெல்ப்பர் வேலைக்கு எடுத்திருந்தார்கள். பர்மனென்ட் வேலை. காக்கிச் சட்டை, கான்டீன் சாப்பாடு எல்லாம் உண்டு. அவன் மனதில் ஒட்டிக்கொண்டது அவையல்ல. ஷிப்ட் முடிந்ததும் குளிக்கக் குழாயும் சோப்பும் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னது. பஸ்ஸில் அவன் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மெதுவாக எழுந்து வேறு இடம் தேடுவார். அது இனி இருக்காது.

வேலைக்கு ஒரே ஒரு தடைதான் பாக்கி. ரத்தப் பரிசோதனை முடிவைச் சனிக்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சர்க்கரை இல்லை, வாலிபர்களிடம் வெளிப்படையாகக் கேட்கக் கூசும் அந்த இன்னொரு நோயும் இல்லை என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அடுத்த ஆள். அடுத்த ஆள் யார் என்பதும் வெயிலுமுத்துவுக்குத் தெரியும். சுனாபட்டியிலிருந்து ஒருவன் தினமும் தொழிற்சாலை வாசலில் போய் நிற்கிறான்.

ரத்தம் எடுத்தவர் கோமதிநாயகம். டாக்டர் மாலையில் மட்டும் வந்துபோகும் ஒரு டிஸ்பென்சரியின் கம்பவுண்டர். குத்தியதே தெரியாமல் குத்துவார் என்று பெயர். அந்தப் பெயரை முதலில் பரப்பியவரும் அவர்தான். முதல் தடவை சிரிஞ்சையும் சீசாவையும் கொதிக்கவைத்து, அதன்மேல் இன்னும் மூன்று முறை வெந்நீர் ஊற்றி அலசி, ஈரம் சொட்டச் சொட்ட அதில் ரத்தத்தைப் பிடித்து மாதுங்கா லாபரேட்டரிக்கு அனுப்பினார். பதில் வந்தது: சீசாவில் தண்ணீர் இருந்திருக்கிறது, ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன, காய்ந்த சீசாவில் பிடித்துக் குளிர்ச்சியாக வைத்திருந்து மறுபடி அனுப்பவும்.

கம்பவுண்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. “கொதிக்க வச்ச தண்ணிவே அது! அதுல குத்தமா? வழியில சூடு பட்டிருக்கும். அதான் குளிர்ச்சியா வைக்கச் சொல்லுதான்” என்றார். ஆனாலும் இரண்டாம் தடவை சீசாவை வெயிலில் காயவைத்தார். வெயிலுமுத்துவின் கையைப் பிடித்தபோது, “குளிர்ச்சிக்கு நீதான் வழி பாக்கணும். இங்க ஃப்ரிட்ஜும் கிடையாது, ஒண்ணும் கிடையாது” என்று சொல்லிவிட்டார்.

மாதுங்காவுக்கே நேரில் போய்க் கையை நீட்டியிருக்கலாம். ஆனால் அங்கே ரத்தம் எடுக்கத் தொடங்கும் நேரத்துக்குப் பட்டறையில் பாதி வேலை முடிந்திருக்கும். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் முகாதம் அன்றைக்கு ஆளையே சேர்க்க மாட்டான். அதிகாலையில் ஜன்னல் வழியாகச் சீசாவைக் கொடுத்துவிட்டு வருவதென்றால் முடியும். ஆகவே செவ்வாய்க்கிழமை மாலை எடுத்த ரத்தம் புதன்கிழமை விடியும்வரை எங்காவது குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். தாராவியில் குளிர்ச்சி என்றால் முகம்மது ஹனீப்தான்.

ஹனீபுக்குக் கடையநல்லூர். பக்கத்துச் சந்தில் கோலி என்கிற ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துக் குல்பி செய்கிறவன். தொழிலை ஒரு வடநாட்டு பய்யாவிடம் கற்றுக்கொண்டு, அவரைவிட நன்றாகச் செய்வதாக அவரிடமே சொல்லி, அடி வாங்காமல் தப்பியவன். பாலைத் தகரக் குப்பிகளில் ஊற்றி, மூடியைச் சுற்றி மைதா மாவால் அடைத்து, பெரிய மண்பானைக்குள் அடுக்கி, சுற்றிலும் ஐஸை உடைத்துப் போட்டு அதன்மேல் கல்லுப்பை அள்ளிக் கொட்டுவான். மாலையானால் பானை தள்ளுவண்டியில் ஏறி மாதுங்காவுக்குக் கிளம்பும்.

“மாப்ளே, என் பானைல வச்ச குல்பி கிங் சர்க்கிள் முச்சூடும் சுத்திட்டு வந்தாலும் கல்லு மாதிரி இருக்கும். ஒன் ரத்தம் மட்டும் என்ன, கரைஞ்சா போயிரும்? குடு இங்க” என்று சீசாவை வாங்கித் துணியில் சுற்றி, கழுத்தில் சணல் கட்டிப் பானையின் அடி ஐஸில் இறக்கிவிட்டான். உப்பை வழக்கத்தைவிட இரண்டு கை கூடுதலாகப் போட்டது நட்புக்காக.

இப்படியாக, வேலை இல்லாமல் ஒருநாளும் மாதுங்காவைச் சுற்றிப் பார்த்திராத வெயிலுமுத்துவின் ரத்தம், அன்று மாலை மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாக அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது.

விடிகாலையில் சணலைப் பிடித்து இழுத்தபோது சீசாவுக்குள் ரத்தம் கல்லாக இருந்தது. கவிழ்த்தாலும் அசையவில்லை.

“பாய், இது ஒறைஞ்சுல்லா போச்சு?”

“ஒறைஞ்சா உருகாதா? வாய்ல வச்சா குல்பி உருகல? கக்கத்துல வச்சிக்கிட்டு நட, ஜல்தி.”

கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அவன் போய்ச் சேர்வதற்குள் அது உருகிவிட்டது. முன்பைவிட அழகாகவும் இருந்தது. கசடில்லாமல், பெருநாளைக்குக் கலக்கும் ரோஸ் சர்பத்துபோல. திருப்தியோடு அட்டெண்டர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினான்.

அன்று மாலையே கம்பவுண்டருக்குத் தகவல் வந்தது. இதுவும் உடைந்திருக்கிறது, ஆள் நேரில் வரவேண்டும், ரத்தத்திலேயே கோளாறு இருக்கலாம் என்று டாக்டர் நினைக்கிறார். கோமதிநாயகத்துக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. “பாத்தியாடே? என் சீசா மேல பழி போட்டானுவ. ஒன் ரத்தம்லா அப்படி!” என்றார். தன் கை சுத்தம் என்று நிரூபணமாகிவிட்ட சந்தோஷத்தில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். அப்படித்தான் செய்தி பட்டறைக்கு வந்தது.

வியாழக்கிழமை மாலை ஹனீப் வண்டியைக்கூடக் கிளப்பாமல் வெயிலுமுத்துவுக்காகக் காத்திருந்தான்.

“நாளைக்குப் போறியாமே? எங்க வச்சேன்னு கேப்பாங்க, மாப்ளே. என்ன சொல்லுவே?”

“என்னத்தச் சொல்ல?”

“என் பானைய மட்டும் சொல்லிராத. மாதுங்கா சனம் எப்பேர்ப்பட்டது தெரியும்லா? டம்ளரத் தூக்கிக் குடிக்கிற ஆளுவ. நான் குல்பில முட்டை போடுறனான்னு இன்னமும் வாரத்துக்கொருக்கா கேக்காங்க. பானைக்குள்ள ரத்தம் இருந்துச்சின்னு ஒரு காதுல விழுந்துச்சி, என் தொழில் பந்த். என் பொண்டாட்டி ரஷீதாவும் புள்ளைகளும் நானும் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.”

“நான் எதுக்குச் சொல்லப் போறேன்?”

“அல்லா மேல சொல்லு.”

“எனக்கு எங்க சொடலமாடன் போதும். சொல்ல மாட்டேன், போதுமா?”

வெள்ளிக்கிழமை முகாதத்திடம் திட்டு வாங்கிக்கொண்டு லீவு போட்டான். விடியலில் இரண்டு தடவை குளித்தான். அப்படியும் லாபரேட்டரி வாசலைத் தாண்டாமல் நின்றான். உள்ளே, பருத்திப் புடவைமேல் வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்த ஒரு பெண் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். நாகலக்ஷ்மி, பி.எஸ்ஸி படித்துவிட்டு அங்கே பரிசோதனைகளைச் செய்கிறவள். அவன் வயதுதான் இருக்கும்.

“வெயிலுமுத்துதானே? ஏன் அங்கேயே நிக்கறேள்? ரத்தம்தான் ஒடையறது, நீங்க ஒடைய மாட்டேள். வாங்கோ.”

“இங்கயே நிக்கேன், டாக்டரம்மா.”

“நான் டாக்டர் இல்லை. டாக்டர் பத்து மணிக்கு மேலதான் வருவார். அதுக்குள்ள உங்க வண்டவாளத்தைத் தெரிஞ்சுக்கணும். விரலை நீட்டுங்கோ.”

அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினான். தினமும் கத்தியால் தோல் சீவுகிறவனுக்கு ஊசியென்றால் பயம் என்பது பட்டறையில் யாருக்கும் தெரியாது.

“கண்ணைத் தொறக்கலாம். குத்தியாச்சு” என்றாள். அந்தத் துளியை உப்பு நீரில் கலந்து கண்ணாடித் துண்டில் வைத்து அவனைப் பார்க்கச் சொன்னாள். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு திடீரென்று ஒரு கூட்டம். வெளிர்மஞ்சளாக, ஒரே அளவில், நடுவில் அமுங்கி, துளை போட மறந்த மெதுவடைபோலக் கணக்கில்லாமல் மிதந்தன.

“இதுதான் உங்க ரத்தம். எல்லாம் முழுசா இருக்கு பாத்தேளா? இப்போ தண்ணி விடறேன்.”

ஓரத்திலிருந்து தண்ணீர் ஊர்ந்து வந்தது. வடைகள் உப்பத் தொடங்கின. அமுங்கிய நடு நிமிர்ந்து, உருண்டு திரண்டு பந்தாகி, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சத்தமே இல்லை.

“எங்கம்மா போச்சு?”

“எங்கேயும் போகலை. அதுக்குள்ள உப்பு இருக்கு. அது வெளியில இருக்கற தண்ணியை இழுக்கும். தாங்கற வரைக்கும் இழுத்துண்டு அப்புறம் ஒடைஞ்சுடும். உள்ள இருந்த செவப்பெல்லாம் வெளியில கலந்துடும். உத்துப் பாருங்கோ, வெறும் தோல் கிடக்கும்.”

உற்றுப் பார்த்தான். இருந்தது. புகையில் வரைந்த வட்டம்போல, நிறமே இல்லாத மெல்லிய தோல்கள். உள்ளே இருந்தது போய்த் தோல் மட்டும் மிஞ்சுவது என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

“அப்ப என் ரத்தம் ஒடையத்தான் செய்யுது” என்றான் பரிதாபமாக.

அவள் தன் விரலையே குத்தி, தன் ரத்தத்தையும் அதேபோல் வைத்துத் தண்ணீர் விட்டுக் காட்டினாள். அதுவும் உப்பியது, உடைந்தது, மறைந்தது.

“மாதுங்கா ரத்தமும் இப்படித்தான். தண்ணியில போட்டா எல்லாருதும் ஒடையும். முதல் சீசா கதை அதுதான், உங்க கம்பவுண்டர் குளிப்பாட்டி அனுப்பிட்டார். எனக்குப் புரியாதது ரெண்டாவது.” அலமாரியிலிருந்து அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “நல்ல காய்ஞ்ச சீசா. ஆனா ஒரு அணுகூட முழுசா இல்லை. குலுக்கினா கொஞ்சம் ஒடையும், வெயில்ல வெச்சா கொஞ்சம் ஒடையும். இப்படி ஒண்ணு விடாம ஒடையணும்னா அது உறைஞ்சு உருகியிருக்கணும். உறையறபோது ஊசி ஊசியா ஐஸ் கட்டிண்டு எல்லாத்தையும் கிழிச்சுடும். எங்கே வெச்சிருந்தேள்?”

“ஐஸ்ல.”

“வெறும் ஐஸ்ல வெச்சா ஜில்லுனு இருக்குமே ஒழிய உறையாது. அது போறாது.”

“நெறைய ஐஸு.”

“மலையளவு வெச்சாலும் உறையாது, ஸ்வாமி. ஐஸ்ல உப்பைக் கொட்டினாத்தான் குளிர் அதுக்கும் கீழே எறங்கும். ஐஸ்ல உப்பைக் கொட்டறவா யாரு…”

அவள் நிறுத்தினாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். காலை நேரம், தெருவில் ஒரு வண்டியும் இல்லை. ஆனால் மாலையில் அங்கே எந்த வண்டி வந்து நிற்கும் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

“என்னைக்கு எடுத்த ரத்தம் இது?”

“செவ்வாக்கெழமை சாயந்தரம்.”

நாகலக்ஷ்மி ஸ்டூலில் உட்கார்ந்தாள். “செவ்வாய்க்கிழமை நான் ரெண்டு சாப்டேன்” என்றாள், தனக்குத்தானே. “மலாய் ஒண்ணு, பிஸ்தா ஒண்ணு.”

வெயிலுமுத்து தரையைப் பார்த்தான். சுடலைமாடன்மேல் கொடுத்த வாக்கை அவன் மீறவில்லை, வாயே திறக்கவில்லை. ஆனாலும் கழுத்துவரை மாட்டிக்கொண்டாயிற்று.

“ஹனீப் பாய் பானைதானே?”

அவன் கால் கட்டைவிரலால் தரையைக் கீறினான்.

“இதோ பாருங்கோ. டாக்டர் வந்து இந்த சீசாவுக்குக் காரணம் கேட்பார். காரணம் இல்லேன்னா, அணுக்கள் லேசுல ஒடையற வியாதியோன்னு சந்தேகம்னு எழுதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவார். அங்கே வாரக்கணக்காகும். உங்களுக்கு நாளைக்கே வேணுமாமே? கம்பவுண்டர் சொல்லியனுப்பினாரே.”

காக்கிச் சட்டை, குழாயடி, சோப்பு, சுனாபட்டிக்காரன் எல்லாம் அவன் கண்முன்னால் வந்தன. கூடவே ரஷீதா, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வி.டி. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்பதும் வந்தது. அவன் நெடுநேரம் கையைப் பிசைந்தான்.

“உப்பு இருந்துச்சி” என்றான் கடைசியில். “கல்லுப்பு. நெறைய. சீசா கல்லா ஒறைஞ்சிட்டு. நான்தான் கக்கத்துல வச்சு உருக்குனேன். என்கிட்ட இருந்து அவ்வளவுதாம்மா வரும். யாரு எவருன்னு கேக்காதீய. கேட்டா நான் வேலையே வேண்டாம்னு போயிருவேன்.”

அவள் அவனைச் சற்று நேரம் பார்த்தாள். கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத முகம்.

“சீசா மூடி இறுக்கமா இருந்துதா?”

“கம்பவுண்டர் மெழுகு வச்சு அடைச்சாரு.”

“அந்தக் குப்பியும் மாவு வெச்சு அடைச்சிருக்கும். அப்போ இது வெளியில வரலை, அதுக்குள்ள எதுவும் போகலை. புத்திக்குத் தெரியறது. வயித்துக்குத்தான் எடுத்துச் சொல்லணும்.” எழுந்து புதிய சிரிஞ்சை எடுத்தாள். “கையைக் காட்டுங்கோ. கண்ணை மூடிக்கலாம், நான் யார்கிட்டயும் சொல்லலை.”

டாக்டர் வேங்கடசுப்ரமணியன் வந்தபோது புதிய ரத்தம் சுழலும் யந்திரத்திலிருந்து இறங்கியிருந்தது. அடியில் சிவப்பு தனியாகப் படிந்து, மேலே தெளிநீர் வைக்கோல் நிறத்தில் நின்றது. டாக்டர் அதைப் பார்த்தார், பழைய சீசாவைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை இறக்கி வெயிலுமுத்துவைப் பார்த்தார்.

“இது சரி. அது ஏன் அப்படி?”

“உறைஞ்சுடுத்து சார். உப்பு ஐஸ்ல வெச்சுட்டா” என்றாள் நாகலக்ஷ்மி.

“உப்பு ஐஸா? இவாளுக்கு ஏது அது?”

வெயிலுமுத்து ஓர் அடி வாசல் பக்கம் நகர்ந்தான். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் ஹனீபின் வண்டியைச் சுற்றி நிற்பதை அவனே ஒருமுறை பார்த்திருக்கிறான்.

“தாராவி சார். பக்கம்தானே மாஹிம், சயான் மார்க்கெட்டெல்லாம்” என்றாள் அவள், எழுதிக்கொண்டே. “மீன் பெட்டியில போட்டுக் கொண்டுவருவா போலிருக்கு.”

“சிவ சிவா!” கையில் இருந்த சீசாவை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போனார். முழங்கைவரை சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். திரும்பி வந்தவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலைக்குள் மிச்சப் பரிசோதனையும் முடிந்துவிடும், சனிக்கிழமை காலை முதல் வேலையாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றார்.

வாசல்வரை வந்த நாகலக்ஷ்மி குரலைத் தாழ்த்தினாள். “அந்த யாரோ எவரோகிட்ட சொல்லுங்கோ. இனிமே பானையில பாலைத் தவிர வேற யாரும் மாதுங்காவுக்குச் சவாரி வரப்படாது.”

சனிக்கிழமை காலை, சான்றிதழைச் சட்டைப் பைக்குள் நான்காக மடித்து வைத்துக்கொண்டு வெயிலுமுத்து மாதுங்கா பஸ் நிறுத்தத்துக்கு வந்தான். அங்கே ஹனீப் நின்றுகொண்டிருந்தான். முகம் ராத்திரி தூங்காத முகம்.

“சொல்லிட்டியா?”

“நான் சொல்லல. அந்தம்மாவே கண்டுபிடிச்சிட்டாவ. ஆனா காட்டிக் குடுக்கல. மீன் பெட்டி மேல பழியப் போட்டுட்டாவ.”

“எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

“வெறும் ஐஸ்ல ரத்தம் ஒறையாதாம். அடிச்சுச் சொல்லுதாவ. உப்பு ஐஸ்லதான் ஒறையுமாம். அதுவும் ஒரு அணு மிச்சமில்லாம ஒடைஞ்சிருந்துச்சாம்.”

ஹனீப் தலையைச் சொறிந்தான். பிறகு அவன் முகம் மெல்ல மலர்ந்தது. வெயிலுமுத்துவுக்கு அந்த மலர்ச்சி பிடிக்கவில்லை.

“ஒரு அணுகூட மிச்சமில்லாமலா?”

“ஆமா.”

“பி.எஸ்ஸி படிச்ச பொம்பளை சொல்லிச்சா, இப்படி?”

“பாய், அதவிடு.”

“அரே, எப்படி விடுறது? இந்த பம்பாயில எந்த பய்யா பானைக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் உண்டு? ரத்தத்தையே கல்லாக்குற ஐஸ், மாப்ளே! தொழில் கத்துக்குடுத்த எங்க உஸ்தாது முன்னால போயி நின்னு சொல்லணும். வண்டியில போர்டு எழுதிப் போட்டா…”

“பாய்! மாதுங்காவுல நிக்கோம். மெதுவா!”

“எதுக்கு மெதுவா? பரிசோதன பண்ணிச் சொன்னது! இந்தா, அய்யரே, இங்க கேளுங்க…”

நிறுத்தத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையை நிமிர்த்தினார். வெயிலுமுத்து ஹனீபின் வாயைப் பொத்தினான். அதே நேரத்தில் செம்பூர் பஸ் வந்து நின்றது. இதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ, தொழிற்சாலையில் மத்தியானத்தோடு கணக்கை மூடிவிடுவார்கள். கையை எடுத்தால் ஹனீப் பேசிவிடுவான். எடுக்காவிட்டால் பஸ் போய்விடும்.

அவன் கையை எடுக்கவில்லை. பொத்திய வாயோடு ஹனீபை அப்படியே இழுத்து பஸ்ஸில் ஏற்றினான். பக்கத்தில் இருந்தவர் வழக்கம்போல மெதுவாக எழுந்து வேறு இடம் தேடிப் போனார். இரண்டு பேர் உட்கார அது வசதியாக இருந்தது. கண்டக்டர் டிக்கெட் பெட்டியைத் தட்டிக்கொண்டு வந்து, ஒருவன் வாயை மற்றவன் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்து, “க்யா ஹுவா இஸ்கோ?” என்று கேட்டார்.

“பல் வலி” என்றான் வெயிலுமுத்து. “செம்பூர், ரெண்டு.”